மூன்றாம் முறையும் நின்றேன்

தோற்றவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று யார் சொன்னது? எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர் பதவிக்கு இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றேன். என் மூத்தவள் அங்கே அரிச்சுவடி படித்தபோது தலைவராக இருந்தவர்தான், அவள் பல்கலைக்கழகம் போய், கடைக்குட்டி அரிச்சுவடிக்கு வந்தபோதும் தலைவர்.

லண்டன் மனோர் பார்க்கில் ஒரு மண்டபத்தில் எங்கள் தேர்தல் நடக்கும். கையைத் தூக்குவதுதான் வாக்கு. தலைவர் மேடையில் சபையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நாளைக்குக் கோயிலிலும் கலியாண வீட்டிலும் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று சனம் கையை மடியில் வைத்திருக்கும். என் கணவரும்தான். "அண்ணையின்ரை முகத்துக்கு நேர என்னெண்டப்பா கை தூக்கிறது?" என்று இரண்டாம் முறை தோற்றுத் திரும்பும்போது காரில் கேட்டார். தோற்றதைவிட அந்தக் கை எழும்பாததுதான் எனக்கு வலித்தது.

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் மெக்சிகோக்காரி ஒருத்தி இருக்கிறாள். வெங்காயம் உரித்தபடி அவளிடம் பொருமித் தள்ளினேன். அவள் தன் நாட்டு முன்னாள் அதிபர் ஒருவரின் கதையைச் சொன்னாள். முதல் முறை தோற்றபோது அதை ஒப்புக்கொள்ளாமல், ஆதரவாளர்களோடு தலைநகரின் பெருந்தெருவில் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். இரண்டாம் முறையும் தோல்வி. மூன்றாம் முறை வென்றார். ஆறு வருடம் ஆண்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதிபராக இருந்த எவரையும் மறுபடி நிற்க அந்த நாட்டுச் சட்டம் விடாதாம்.

நல்ல மனிதரா என்று கேட்டேன். தான் அவருக்கு வாக்குப் போடவேயில்லை, அதற்காக அம்மாவோடு இன்னும் சண்டை என்றாள். அது அவர்கள் வீட்டுப் பாடு. அந்த மனிதரின் பிடிவாதமும் அந்தச் சட்டமும் எனக்குப் போதுமாக இருந்தன.

மூன்றாம் முறையும் நின்றேன். மேடையேறி, "நான் வெண்டால் ஒரு தவணைதான். பிறகு நீங்கள் கேட்டாலும் நிக்கமாட்டன். மெக்சிகோவிலை அதிபரே அப்பிடித்தான் வீட்டை போறார்" என்றேன்.

தலைவர் சிரித்தார். "இது மெக்சிகோ இல்லை, தங்கச்சி."

"ஓம் அண்ணை. அங்கை சனம் மறைவிலை சீட்டிலை புள்ளடி போடும். இங்கை உங்கடை முகத்தைப் பாத்தெல்லோ கை தூக்க வேண்டிக்கிடக்கு. கொஞ்சம் அங்காலை திரும்பி இருங்கோவன்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்: "திரும்புங்கோ அண்ணை!" சிரிப்பு முன்வரிசைவரை வந்துவிட்டது. மறுத்தால் பயந்துவிட்டார் என்று ஆகிவிடும். கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

செயலாளர் என் பெயரைச் சொன்னார். கைகள் எழும்பின. இவ்வளவு கைகளை நான் எதிர்பார்க்கவேயில்லை. செயலாளர் எண்ணத் தொடங்கியதும் தலைவருக்குப் பொறுக்கவில்லை. சடாரென்று திரும்பிப் பார்த்தார்.

பொலபொலவென்று கைகள் விழுந்தன. தலையைச் சொறிவதுபோல் பாவனை செய்தவர்களும் உண்டு. என் கணவரின் கை மட்டும் இறங்கவில்லை. அவருக்கு முகம் வியர்த்தது, ஆனாலும் தலைவரின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு, செயலாளர் எண்ணி முடிக்கும்வரை தூக்கியபடியே இருந்தார்.

மறுபடி தோற்றேன். தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்து, "இனியெண்டாலும் பேசாமல் இருக்கலாந்தானே, தங்கச்சி?" என்றார்.

"ஏலாது அண்ணை" என்றேன். "போன முறை எனக்கு என்ரை வீட்டிலையே வாக்கு இல்லை. இந்த முறை வீட்டை வெண்டிட்டன். அடுத்த முறை மண்டபம்."