பெரட்டில் போட்ட கையெழுத்து

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் தெமோதரையில் சொந்தக் கடை, வெலிமடைக்குப் போய்வரச் சொந்த லொறி, எல்லாம் இந்தக் கையால் வந்தவை. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வீட்டுத் திட்டம் வந்தபோது வரைபடத்தை முதலில் வாங்கிப் பார்த்ததும் நான்தான். தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று என் தங்கை இன்றைக்கும் சொல்கிறாள். அவள் பேச்சை விடுங்கள்.

ஒற்றை அறைகள் ஒட்டி நிற்கும் லயத்தில் இருக்கும் இருபது குடும்பங்களுக்குத் தனி வீடு. அதில் ஒன்று தங்கைக்கு. எங்கே கட்டுவது என்று எங்களைக் கேட்க, பதுளையிலிருந்து திட்ட அதிகாரி அம்மா ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பொறுமைசாலி. கூட்டத்தைக் காலையில் பெரட்டுக் களத்தில் வைத்தார். தப்பு அங்கேதான். தலைமுறை தலைமுறையாக அன்றாட வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடம் அது. அங்கே நின்றால் எங்கள் சனத்துக்கு ஒரே பதில்தான் வரும்.

"இந்தச் சரிவில வீடு கட்டினால் உங்களுக்குச் சம்மதமோ?"

"சரிங்க."

"ஆருக்கும் மறுப்பு இருக்கோ?"

"சரிங்கம்மா."

வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. இங்கிலீஷில் போட்டேன்.

அன்று தங்கை பதுளை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போயிருந்தாள். சாயங்காலம் வந்து கேட்டாள்.

"எந்தச் சரிவுண்ணே?"

"சவுக்கு மரத்துக்குக் கீழ இருக்கே, அது."

"அட அண்ணே! மழை பேஞ்சா அங்க கொழுந்தெடுக்கிற எங்களுக்கு முழங்கால் மட்டும் புதையுது. பாதி மலை ஊத்து. அதுமேலயா எம்புள்ளைங்கள படுக்க வைக்கப் போறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. மழைக்கு மலையே சரிந்து இறங்கி வந்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து ஆளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுநாளே லொறியைப் பதுளைக்கு விட்டேன்.

"அந்தக் கூட்டம் செல்லாதுங்கம்மா."

"முதல் கையெழுத்தே நீங்கள்தானே ஐயா போட்டனீங்கள்?"

"முன்னுக்கு நிக்கிற ஆளுக்கு அப்படித்தாங்க ஆகும். பெரட்டுல வச்சுக் கேட்டா எங்காளுங்க எதுக்கும் சரிம்பாங்க. மலையில வந்து கேட்டுப் பாருங்க."

அவர் சிரித்துவிட்டார், வரவும் செய்தார். இந்த யோசனை முழுக்க என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை, தூறல். தங்கை ஒரு கம்பை மண்ணில் குத்தி உருவினாள். அந்தக் குழியில் தண்ணீர் ஊறி நின்றது. இரண்டடி தள்ளிக் குத்தினாள், அங்கேயும் தண்ணீர். அதிகாரி அம்மாவின் ஒரு கால் சப்பாத்தைச் சேறு பிடித்துக்கொண்டது. பெரட்டில் ஒரே சொல் சொன்ன பெண்கள் இங்கே அவரை வாய் திறக்க விடவில்லை. எந்த ஓடை எப்போது பொங்கும், எந்தப் பாறை போன மழைக்கு எவ்வளவு நகர்ந்தது என்று ஆளுக்கொன்று சொல்ல, அவர் வரைபடத்தில் நீலப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

"அப்ப எங்க கட்டலாம்?" என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ரோட்டோரம் ஒரு சமதரை உண்டு. காய்ந்த மண், பக்கத்திலேயே பைப். தோட்டத்து நிலம்தான், ஆனால் பத்து வருடமாக அதில் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் போடுவது நான். கல் பொறுக்கி, பாத்தி கட்டி, அதைப் பொன்னாக்கி வைத்திருந்தேன்.

"நீங்களே சொல்லுங்கண்ணே. படம் பாக்கத் தெரிஞ்ச ஆளு நீங்கதானே" என்றாள் தங்கை.

நான் ரோட்டுப் பக்கம் கையை நீட்டினேன். பிறகு, "என் லீக்ஸ் பாத்திதாங்க நல்ல எடம். போட்டிருக்கிறத மட்டும் புடுங்கிக்கிறேன்" என்றேன்.

புதுச் சம்மதத் தாளைத் தங்கை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். அப்புறம்தான் கையெழுத்து. இந்த முறை முதல் கையெழுத்து அவளுடையது.

இப்போது அங்கே இருபது வீடுகள் நிற்கின்றன. தங்கையின் அடுப்படி என் நடுப்பாத்தி இருந்த இடம். பண்டாரவளைச் சந்தையில் லீக்ஸ் வாங்கிக் கொண்டுபோய் அவளிடம் கொடுக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம், "இந்த எடத்தக் காட்டினது எங்கண்ணன்தான்" என்கிறாள். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்.