படகிலிருந்து கழற்றிய ஹெட்

தை அறுவடை மும்முரத்தில் அப்பாவின் லாரி நின்றுபோனது. கீழ்வேளூர்ப் பக்கத்துக் கொள்முதல் நிலையங்களில் நெல் மூட்டைகளை ஏற்றிக் கிடங்கில் இறக்குவது அதன் வேலை. ரேடியேட்டர் குழாய் பிய்ந்து தண்ணீர் வடிந்தது தெரியாமல் ஓட்டியதில், சூடேறி சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழுந்துவிட்டது. இன்ஜினுக்கு மூடி போல மேலே உட்காரும் கனத்த இரும்பு அது. வெல்டிங் நிற்காது, வேறுதான் போட வேண்டும் என்றார் மெக்கானிக். மூட்டைகளோ வெட்டவெளியில் பனியில் கிடந்தன. வண்டி சீக்கிரம் வராவிட்டால் வேறு லாரி பார்த்துக்கொள்வதாக ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார்.

அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால், அப்பா போன இடமெல்லாம் நானும் போனேன். எனக்கு அது சுற்றுலா. தஞ்சாவூர்க் கடையில் அந்த மாடலே வருவதில்லை என்றார்கள். திருவாரூரில் கைவிரித்தார்கள். கூத்தாநல்லூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஒன்று அகப்பட்டது. அப்பா அதைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். மறுபக்கம் மெல்ல ஈரம் கசிந்தது. அதிலும் விரிசல். அப்பா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரர் பாய்தான் இரக்கப்பட்டார். "நாகப்பட்டினம் போய்ப் பாருங்க. இதே இன்ஜினத்தான் அங்க போட்லயும் வச்சு ஓட்டுறாங்க."

பஸ்ஸில் அப்பா கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கினார்.

துறைமுகத்தில் விசாரித்து ஒரு வீட்டுக்குப் போனோம். பக்கத்தில் பலகை பெயர்ந்த விசைப்படகு ஒன்று கரையேறி நின்றது. அதன் இன்ஜின் வீட்டு வாசலில் தார்ப்பாய் மூடி இருந்தது. தார்ப்பாயை விலக்கிப் பார்த்த அப்பாவின் முகம், பல நாளுக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்தது. வீட்டுக்காரர் பலகை வாங்கப் போயிருந்தார். அவர் மனைவி மட்டும் இருந்தார். ஹெட் கிடைக்குமா என்று அப்பா அதைக் காட்டிக் கேட்டார்.

"இத மட்டும் கழட்டிட்டா இன்ஜின் ஓடாதுல்லண்ணே?" என்று கேட்டார்.

"ஓடாதும்மா."

"அப்ப எடுத்துட்டுப் போயிடுங்க. அவரு வர்றதுக்குள்ள."

அப்பாவின் பையில் ஸ்பேனர் இருந்தது. ஆனால் அவர் அதைத் திறக்கவில்லை. "அவரு வரட்டும்மா" என்று நிழலில் போய் உட்கார்ந்தார். இத்தனை அலைந்து கண்டுபிடித்த பொருளைக் கொடுக்கிறேன் என்கிறார்கள், எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த அம்மா எனக்கு டீ கொடுத்தபடி அப்பாவிடம் பேசினார். ஒரு வருஷத்துக்கு முன்பு சுனாமி வந்தபோது கணவர் நடுக்கடலில் இருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மகனைத்தான் தண்ணீர் கொண்டுபோனது. அதிலிருந்து அவர் யாருடனும் பேசாமல் படகைச் செப்பனிட்டுக்கொண்டே இருக்கிறார். எப்படியும் கடலுக்குப் போய்விடுவார். "இந்தத் தடவ போனா திரும்பி வர மாட்டாருன்னு மனசுல படுதுண்ணே."

வீட்டுக்காரர் சைக்கிளில் பலகையோடு வந்தார். வந்த காரியத்தை அப்பா சொன்னார். அந்த அம்மா சொன்னதைச் சொல்லவில்லை. அந்த அம்மாவே குறுக்கிட்டார்: "நான்தான் எடுத்துக்கச் சொன்னேன்."

கணவர் மனைவியை வெகுநேரம் பார்த்தார். பிறகு பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அப்பாவிடம் கை நீட்டினார்.

"ஸ்பேனரக் குடுங்க. இது உப்புத்தண்ணி ஏறாத இன்ஜின். ஹெட் நல்லா இருக்கும்."

அவரே குனிந்து கழற்றினார். கழன்ற நட்டுகளை ஒவ்வொன்றாக மனைவியிடம் நீட்டினார். அவர் முந்தானையில் வாங்கிக்கொண்டார். வாங்க வாங்க அழுகை பெருகி, கடைசியில் வாயில் துணியை அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கணவர் தலைநிமிராமல், ஹெட் உட்கார்ந்திருந்த இடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மீன் ஏற்றும் வேன் ஒன்றில் ஹெட்டை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். லாரி மறுபடி ஓடும். ஆனாலும் அப்பா சந்தோஷமாக இல்லை. எனக்கோ அந்த அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. நல்ல இன்ஜினைக் கெடுத்துவிட்டோமே என்றுதான் அழுகிறார்கள் என்று முடிவு செய்திருந்தேன்.

"அவங்களுக்கு வேற ஹெட் வாங்கிக் குடுத்துடலாம்ப்பா" என்றேன்.

"வேண்டாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா கண்ணை மூடிக்கொண்டார். இவ்வளவு கல்நெஞ்சக்காரரா நம் அப்பா என்று, வீடு வரும்வரை நான் அவரோடு பேசவில்லை.