ஆலம்மா பின்னிய குல்லாய்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, போசரிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது ஆலம்மாவின் மகள் ஸ்டெல்லாவிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, அம்மா போயிட்டாங்க" என்றாள். படுக்கப் போனவர் காலையில் எழுந்திருக்கவில்லையாம். நான் "ஐயோ" என்றேன். பிறகு, "எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?" என்று கேட்டேன். இப்படி ஒரு செய்தி வந்தால் மனிதனுக்கு முதலில் துக்கம் வரவேண்டும். எனக்கு வந்தது நிம்மதி. இனி ஆலம்மா என்னிடம் எதுவும் விசாரிக்க மாட்டார் என்ற நிம்மதி. இதை எழுதும்போது கை கூசுகிறது. மறைத்துவிட்டு அஞ்சலி எழுதலாம்தான். ஆனால் அவரிடம் நான் சொன்ன பொய்களே போதும்.

கட்கிக்காரர்களுக்கு ஆலம்மாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சமீபத்தில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் புனேவுக்கு வந்து நம் தமிழ்ச் சங்க மலரைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் போலந்தில் பிறந்தவர். பெயர் ஹலினா. இரண்டாம் உலக யுத்த காலத்தில், ஆறு வயதில், குடும்பத்தோடு ரயிலில் ஏற்றிக் கஜகஸ்தானுக்கு நாடு கடத்தப்பட்டவர். உயிர் பிழைத்தவர்களோடு சேர்ந்து, கோலாப்பூர் அருகே போலந்து அகதிகளுக்காக இருந்த முகாமுக்கு வந்தார். யுத்தம் முடிந்து மற்றவர்கள் கப்பலேறியபோது இவர் ஏறவில்லை. தாயாரை அங்கேதான் புதைத்திருந்தார்கள். "அம்மாவ உட்டுட்டு நான் எங்கப்பா போறது?" என்பார். கன்னியாஸ்திரீகள் புனேவுக்கு அழைத்துவந்து ஆஸ்பத்திரி வேலை பழக்கினார்கள். விரலில் அடிபட்டுக் கட்டுப் போட வந்த ஆற்காட்டுக்காரர் அந்தோணி, வெடிமருந்துத் தொழிற்சாலை ஃபிட்டர், அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஹலினா என்ற பெயர் எங்கள் வாயில் ஆலினாவாகி, பிறகு ஆலம்மாவாகிவிட்டது. அவரும் அதைத் திருத்தியதில்லை.

அவர் பேசியது சுத்தமான ஆற்காட்டுத் தமிழ். ரேஷன் கடையில் மராத்தியில் சண்டை போடுவார். நீலக் கண்ணும் வெளுத்த முடியும் இல்லாவிட்டால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் வீட்டு வரிசையில் யாருக்குப் பிரசவம் ஆனாலும் முதல் பத்து நாள் பூண்டு ரசம் அவர் வீட்டிலிருந்துதான் போகும். டிசம்பர் பிறந்தால் கையில் கம்பளி நூலும் ஊசியும் இருக்கும். குல்லாயைக் கட்கியில் நாங்கள் டோப்பி என்றே சொல்வோம். டோப்பி போடாமல் தெருவில் யாராவது போனால் விடமாட்டார். ஒரு ஜனவரியில், கல்யாணமான புதிதில், வெறுந்தலையோடு ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடிய என்னை மனைவி எதிரில் நிறுத்தித் தன் தலையில் இருந்ததைக் கழற்றி மாட்டிவிட்டார். "காது மூடணும்ப்பா. காது மூடுனா பாதி தண்டி போயிடும்" என்றார். குளிருக்கு எங்கள் பக்கத்தில் தண்டி என்றுதான் பெயர். ரோஜா நிற டோப்பியோடு நான் வேலைக்குப் போனதை, நான் வேலை பார்த்த ஸ்டோர்ஸில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் எங்கள் போசரித் தொழிற்சாலைக்குப் போலந்திலிருந்து இயந்திரங்கள் வந்தன. அவற்றை நிறுவ வந்த இஞ்சினியர்கள் குடும்பத்தோடு இங்கே தங்கினார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து தவக்காலம் தொடங்குவதற்குள் ஒரு நடன விருந்து வைப்பார்கள். அதில் சேரும் நன்கொடை வெளிநாடுகளில் கஷ்டப்படும் போலந்து வம்சாவளியினருக்குப் போகும். நாடு கடத்தப்பட்டு, ஊர் திரும்ப வழியில்லாமல் கஜகஸ்தானிலேயே தங்கிப்போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு முக்கியமாக. புனேவுக்கு வந்தும் அவர்கள் அதை விடவில்லை. ஹால், சாப்பாடு, பூ, வண்டி என்று எல்லா ஏற்பாடும் என் தலையில் விழுந்தது. நானும் பம்பரமாகச் சுற்றினேன். உதிரி பாகங்களைப் பற்றிப் படித்துவர ஸ்டோர்ஸிலிருந்து ஒருவரை மூன்று மாதம் போலந்துக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு இருந்தது. அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும் என்று எனக்கு வெறி.

ஏற்பாட்டுக் கூட்டத்தில் தலைமை இஞ்சினியரின் மனைவி ஒரு நாள் அலுத்துக்கொண்டார். எங்களுக்கெல்லாம் அவர் 'மேடம்'. "எங்கோ கண்காணாத இடத்தில் இருப்பவர்கள். முகம் தெரியாதவர்களுக்கு இங்கே யார் மனம் இளகிக் கொடுப்பார்கள்?" என்றார். நான் முந்திக்கொண்டு, "மேடம், கட்கியிலேயே ஒரு போலந்து அம்மா இருக்கிறார்" என்றேன். அவர் கண் விரிந்தது. அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். அந்தக் கண் இன்னும் விரியட்டும் என்று தோன்றியது. கணவர் இல்லை, ஆதரவு யாருமில்லை, ஒரு வேளைச் சோற்றுக்கே திண்டாட்டம் என்று அடுக்கினேன். அந்தோணி தாத்தாவின் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்து தினமும் வந்து போனாள். ஆலம்மா யாரிடமும் ஒரு கரண்டி சர்க்கரை கடன் வாங்கி நான் பார்த்ததில்லை. இவ்வளவும் தெரிந்தேதான் சொன்னேன். மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆலம்மாவிடம் போய் வேறு மாதிரி சொன்னேன். "போலந்துக்காரங்க டான்ஸ் வைக்கிறாங்க ஆலம்மா. கஜகஸ்தான்ல கஷ்டப்படுற பிள்ளைங்களுக்கு உதவி பண்றதுக்கு. உங்களயும் கூப்பிடுறாங்க."

அவர் பின்னிக்கொண்டிருந்ததை மடியில் வைத்தார். "அங்க இன்னும் நம்ம பசங்க கீறாங்களா?" என்று கேட்டார். எங்களைத் தவிர வேறு யாரையும் அவர் 'நம்ம' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். "தண்டின்னா அதாம்ப்பா தண்டி. இங்க அடிக்கிறதெல்லாம் இன்னா தண்டி" என்றார். ஆறு வாரத்தில் பத்தொன்பது டோப்பி பின்னினார். இருபதாக்க நினைத்து நூல் தீர்ந்துபோனது.

விருந்தன்று மாலை கம்பெனி ஜீப்போடு போய் நின்றேன். ஆலம்மா, பேத்தியின் முதல் திருவிருந்து விழாவுக்கு எடுத்த அரக்குப் பட்டுச் சேலையில், தலையில் மல்லிகையோடு வெளியே வந்தார். கையில் பெரிய எவர்சில்வர் தட்டு. அதில் குல்லாய்களை அடுக்கி, கற்கண்டும் வாழைப்பழமும் வைத்து, புதுத் துண்டு போட்டு மூடியிருந்தார். கட்கியில் எந்த வீட்டு விசேஷத்துக்கும் நாம் வரிசை கொண்டுபோகும் அதே முறை.

"தட்டெல்லாம் எதுக்கு ஆலம்மா? அங்க டான்ஸ் ஆடுறாங்க" என்றேன்.

"நல்லா கீதே. விசேஷத்துக்கு வெறுங்கைய வீசிக்கினு போவ சொல்றியா?"

நான் என்ன செய்வேன்? சோற்றுக்கு வழியில்லாதவர் என்று சொல்லி வைத்திருக்கிறேன், இவர் பட்டு கட்டிக்கொண்டு வரிசைத் தட்டோடு இறங்கினால் என் கதை அங்கேயே கிழிந்துவிடும். விருந்து நடந்த கிளப் வாசலில், "குடுங்க, நான் அவங்ககிட்ட சேத்துடுறேன்" என்று தட்டை வாங்கினேன். கோட்டு மாட்டும் இடத்தில் ஒரு மேசைக்கு அடியில் தள்ளினேன். பிறகு, "உள்ள ஏசி, குளிரும்" என்று சொல்லி, கையோடு கொண்டுபோயிருந்த பழைய சால்வையை அவர் பட்டு தெரியாதபடி போர்த்தினேன். அவர் காது மூடச் சொன்னதுபோலவே நானும் அக்கறையாகச் சொன்னேன். அவர் நம்பிக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

அந்த விருந்து ஜோடி ஜோடியாகக் கைகோத்து ஹாலைச் சுற்றி நடந்துவரும் ஒரு நடனத்தோடு தொடங்கும். இசை எழுந்ததும் ஆலம்மாவின் பாதம் சேலைக்குள் தாளம் போட்டது. வயதான இஞ்சினியர் ஒருவர் அவர் முன்னால் குனிந்து கை நீட்டினார். ஆலம்மா என்னைப் பார்த்து வெட்கமாகச் சிரித்துவிட்டு எழுந்தார். அறுபது தாண்டியவர், பட்டுச் சேலை கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு அடி பிசகாமல் அந்த ஹாலைச் சுற்றி வந்தார். முகாமில் சிறுமியாக ஆடியிருப்பார் போலிருக்கிறது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு மேடம் மேடையேறி ஆலம்மாவைக் கூப்பிட்டார். ஆலம்மா எழுந்து நின்று என் பக்கம் திரும்பி, 'தட்டு எங்கே?' என்று கையால் கேட்டார். கொடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். நான் 'வேண்டாம், போங்கள்' என்று தலையாட்டினேன். மேடம் மைக்கைப் பிடித்துப் போலந்து மொழியில் உருக்கமாகப் பேசினார். முன்வரிசைப் பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். கடைசியில் ஒரு கம்பளிப் போர்வையும் அரிசி பருப்புப் பையும் ஆலம்மாவின் கையில் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். ஆலம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தலை குனிந்து வணக்கம் சொன்னார்.

திரும்பும்போது ஜீப்பில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஹோல்கர் பாலம் தாண்டியதும், "அவங்க சொன்னது அத்தினியும் எனக்குப் புரிஞ்சிதுப்பா" என்றார்.

பொய்யை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஆலம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அவர் காதுக்குப் போகாது என்று தைரியமாக இருந்தேன். மேடம் அதைப் போலந்து மொழியில்தான் சொல்வார், அது ஆலம்மாவின் தாய்மொழி என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நாற்பது வருடமாக எங்களோடு தமிழ் பேசியவருக்கு வேறு ஒரு மொழி உண்டு என்பதையே மறந்திருக்கிறேன்.

"சோத்துக்கில்லன்னு சொன்னாங்க. போவட்டும். எனக்கு யாருமே இல்லன்னு சொன்னாங்களே சேகரு. ஸ்டெல்லா கீறா. நீங்கள்லாம் கீறீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அத்த உடு. டோப்பிங்கள மட்டும் ஒழுங்கா அனுப்பச் சொல்லு" என்றார். போர்வையையும் பையையும் மறுநாளே கோயிலில் ஏழைகளுக்கென்று கொடுத்துவிட்டதாக ஸ்டெல்லா சொன்னாள்.

அந்த ஒரு வேலையாவது நான் செய்திருக்க வேண்டும். மறுநாள் கிளப்புக்குப் போய்த் தட்டை எடுத்தேன். மேடத்திடம் கொடுத்தால் யார் பின்னியது என்று கேட்பார். ஆலம்மா என்றால், நூல் வாங்கக் காசு ஏது என்று கேட்பார். பயிற்சிக்கு ஆள் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். பிறகு கொடுக்கலாம் என்று குல்லாய்களை ஒரு பையில் கட்டி வீட்டுப் பரணில் போட்டேன். தட்டை மட்டும் கழுவி ஆலம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "அனுப்பிட்டாங்க" என்றேன். பயிற்சிக்கு நான்தான் தேர்வானேன். போலந்துக்கே போனேன். அப்போதும் அந்தப் பையை எடுத்துப் போகவில்லை. பெட்டியில் அதிகாரிகளுக்கு ஊதுபத்தியும் முந்திரியும் சந்தனச் சிற்பங்களும் நிறைந்திருந்தன.

திரும்பி வந்த மறுநாள் ஆலம்மா வீடு தேடி வந்தார். என் மனைவி கொடுத்த காபியைக்கூடத் தொடாமல், "பசங்களுக்கு பத்துச்சாப்பா? காது மூடுச்சா?" என்று கேட்டார். நன்றாக மூடியது என்றேன். ஒரு சிறுமி நன்றி சொல்லிக் கடிதம் எழுதியதாக அங்கே சொன்னார்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் முகம் மலர்வதைப் பார்க்கும் ஆசைதான் போல. "பேரு இன்னா?" என்று கேட்டார். நான் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு பரிமாறிய பெண்ணின் பெயர்தான் வாயில் வந்தது. "காஷா" என்றேன்.

"காஷா" என்று அவர் திருப்பிச் சொன்ன விதம் நான் சொன்னதுபோல இல்லை. வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல இருந்தது.

அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஆலம்மா காஷாவின் பெயரை எல்லோரும் வேண்டிக்கொள்வதற்காக எழுதிக் கொடுத்தார். நோயாளிகள், இறந்தவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் பெயர்களுக்கு நடுவே சாமியார் அதையும் வாசிப்பார். ஒரு உறவினர் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போன அன்று நானே என் காதால் கேட்டேன். அதன் பிறகு அந்தப் பக்கம் போவதைக் குறைத்தேன். சாங்வியில் வீடு வாங்கிப் போனதற்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக் காரணம் சொன்னேன். வழியில் எங்காவது அகப்பட்டால் ஆலம்மா கேட்பார்: "காஷாவுக்கு இப்ப பதினாறு இருக்குமா? படிக்கிறாளாமா?" நானும் ஏதாவது சொல்வேன். படிக்கிறாள் என்றேன். நர்ஸ் வேலைக்குப் போகிறாள் என்று ஒருமுறை சொன்னேன். அன்று அவர் என் தலையைத் தொட்டு நெற்றியில் சிலுவை வரைந்தார்.

அடக்கத்தன்று பிரசங்கத்தில் சாமியார் அந்தக் குல்லாய்களைப் பற்றியும் சொன்னார். கட்கியில் பின்னிய நூல் பனிநாட்டுப் பிள்ளைகளின் காதை மூடியது என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். பக்கத்திலிருந்தவர் என் தோளைத் தட்டினார். நான் தலை குனிந்து நின்றேன். அதைப் பணிவு என்று நினைத்திருப்பீர்கள். கல்லறையிலிருந்து திரும்பும்போது ஸ்டெல்லா அழுது வீங்கிய முகத்தோடு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, காஷாவுக்கு எப்படியாவது சேதி சொல்லணும். பத்து வருஷமா அம்மா அந்தப் பொண்ணுக்காக வேண்டிக்கிட்டாங்க. விலாசம் மட்டும் வாங்கிக் குடுங்க, நானே எழுதுறேன்" என்றாள்.

பார்க்கிறேன்ம்மா என்றேன். அதற்குப் பிறகு இரண்டு முறை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாததால், ஸ்டெல்லா, ஊர் அறிய இங்கே எழுதுகிறேன். உன் அம்மா அன்று மேடைக்குப் போனது கொடுப்பதற்காக. அந்தப் பத்தொன்பது டோப்பியும் என் வீட்டுப் பரணில்தான் இருக்கின்றன. நேற்று இறக்கி எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூட எந்தக் குழந்தையின் தலையிலும் ஏறவில்லை. ஆலம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பது அவ்வளவுதான். நீ கேட்ட விலாசம் கிடையாது. காஷா என்று யாரும் இல்லை.