வாட்டர் சர்வீஸ் திரேசம்மா

திரேசம்மாவின் வாசலுக்கு நான் முதன்முதல் போனது தண்ணீர் பிடிக்க இரண்டு வெறுங்கான்களைத் தூக்கிக்கொண்டுதான். தோட்டவெளியில், பிரதான வீதியோரம், ‘வாட்டர் சர்வீஸ்’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை புதிதாக முளைத்திருந்தது. எங்கே கிணறு வெட்டினாலும் பாதிக்குப் பாதி உவராக வருகிற மன்னார்த் தீவு இது. இங்கே அப்படியொரு பலகையைக் கண்டவன் என்ன நினைப்பான்? யாரோ புண்ணியத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைப்பான். எனக்கு முன்னாலேயே மூன்று பேர் கான்களோடு நின்றார்கள்.

உள்ளேயிருந்து காற்சட்டையும் நனைந்த சேட்டுமாக ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பெரிய பிரஷ்.

“இது தண்ணி குடுக்கிற இடமில்லை. வண்டி கழுவுற இடம்.”

அது இன்னும் மோசமாகப் போயிற்று. எங்கள் பக்கத்தில் வண்டி என்றால் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும் வயிறு. வரிசையில் நின்ற கொன்ஸ்ரன்ரைன் தன் வண்டியைத் தடவிக்கொண்டே, “என்ர வண்டியைக் கழுவுற அளவுக்கு என்ன ஊத்தை கண்டனீங்கள் தங்கச்சி?” என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்தார். பிறகு எங்கள் எல்லோருடைய கான்களையும் நிரப்பிக் கொடுத்தார். அவருடைய கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு.

தொண்ணூறாம் ஆண்டு கணவர் யாகப்பரோடு படகேறிப் போனவர் திரேசம்மா. இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் இருபத்தொரு வருடம். யாகப்பர் அங்கேயே நோயில் போய்ச் சேர்ந்தார். மகள் அங்கேயே கலியாணம் முடித்து நின்றுவிட்டாள். முகாமுக்கு வெளியே ஒரு கடையில் பதினாலு வருடம் லொறிகளுக்கும் கார்களுக்கும் அடியில் படுத்துச் சேறு கழுவிய அனுபவத்தோடு, 2011இல் தனியாகத் திரும்பி வந்தார். அங்கே அந்தத் தொழிலுக்குப் பெயர் வாட்டர் சர்வீஸ். அவருக்கு வேறு பெயர் தெரியாது. ஊரில் அவரது காணி உடைமரப் பற்றையாகக் கிடந்தது. ஆட்களை அனுப்பி அதை வெட்டிக் கொடுத்தவர் மீன் வியாபாரி றெனால்ட். தண்ணீர் அடிக்கிற மோட்டாரையும் அவரே கொண்டுவந்து வைத்தார். “அவர் இல்லாட்டி நான் இண்டைக்கும் பற்றைக்குள்ளதான்” என்று திரேசம்மா வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லுவார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். ஒரு உதவியை எத்தனை தரம் சொல்லுவது!

நான் மன்னாரில் ஒரு கந்தோரில் கிளாக். சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு, பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கியிருந்தேன். அதைத் தினமும் காலையில் உடுப்புத் தோய்க்கிற தூள் போட்டு, எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கழுவினேன். பளபளப்பைப் பார்த்து நானே மயங்கிப் போவேன். திரேசம்மா அதை ஒருநாள் தன்னுடைய குழிக்கு மேல் ஏற்றினார். இரண்டு பக்கமும் சீமெந்துத் திட்டு, நடுவில் ஆள் இறங்கி நிற்கக்கூடிய குழி. குழிக்குள் போனவர் அங்கிருந்தே ஏசத் தொடங்கினார்.

“அண்ணை, ஆர் உங்களுக்கு உவர்த் தண்ணியில காரைக் குளிப்பாட்டச் சொன்னது? மேல மினுங்குது, கீழ பொருக்கு உதிருது. சோளகக் காத்து அடிக்கிற மாதத்தில ரெண்டு கிழமைக்கு ஒருக்கா அடிப்பக்கம் நல்ல தண்ணி காட்டவேணும். உப்பு அங்கதான் குந்தியிருக்கும்.”

மேலே வந்து கால்மிதியைத் தூக்கிக் காட்டினார். கீழே ஈரம் ஊறி, ஒரு ரூபாய்க் குற்றிக்காசளவு தகரம் செம்மண் நிறமாகியிருந்தது. மாதத்தில் ஒருநாள் கால்மிதி எல்லாவற்றையும் எடுத்து வெயிலில் போடச் சொன்னார். கதவுகளின் அடியில் தண்ணீர் வடிய இருக்கும் சின்ன ஓட்டைகளை ஈர்க்கால் குத்தித் திறந்தார். இரண்டு கதவுக்குள்ளிருந்து ஒரு கோப்பை மண்தண்ணீர் வடிந்தது. பற்றறி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பூஞ்சணத்தைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கரைத்தார். தோய்க்கிற தூள் பெயின்றைத் தின்றுவிடும் என்றார். கடைசியில் றேடியேற்றர் மூடியைத் திறந்து பார்த்தவர் என்னைப் பார்த்தார்.

“இதுக்கும் அந்தக் கிணத்துத் தண்ணியோ?”

“ஓம்.”

“நீங்கள் படிச்ச மனுசன்தானே?”

எனக்குக் கோபம் வந்தது. வந்து என்ன, அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து அவர் சொன்னபடிதான் செய்தேன். ஆனாலும் அந்த றேடியேற்றர் உப்புக்கட்டிப் போய், இரண்டு வருடம் கழித்து என்னைக் கவிழ்த்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

2014 தொடக்கத்தில் றெனால்ட் தன் வானை விற்க முடிவெடுத்தார். ஐஸ் போட்ட மீன்பெட்டிகளை வருடக்கணக்காய் ஏற்றிய வான். ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் தரையால் வடிந்து வடிந்து அடிப்பக்கத்தைத் தின்றிருந்தது. அதைக் கழுவி, அடியில் தார் பூசித் தரச் சொன்னார். குழிக்குள் இறங்கிய திரேசம்மா, பின்சக்கரங்களுக்குப் பிறேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாயைக் கண்டார். துரு ஏறி, நகத்தால் சுரண்டினால் உதிர்கிற நிலை. றெனால்டிடம் சொன்னார். “குழாயை மாத்தாமப் பூசக்கூடாது.”

“அதை வாங்கிறவன் பாப்பான். நீங்கள் பூசுங்கோ” என்றார் றெனால்ட். போகிறபோது மோட்டாரைத் தட்டிப் பார்த்து, “இது நல்லா ஓடுதோ?” என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

திரேசம்மா பூசினார். குழாயோடு சேர்த்துப் பூசினார்.

வானை வாங்க வந்தவன் சுபாஸ். அவனும் மண்டபம் முகாமில் வளர்ந்த பிள்ளை. தண்ணீர்ப் பைப்பில் திரேசம்மாவின் குடத்துக்குப் பின்னால் தன் தாயின் குடத்தை வைத்து இடம்பிடித்தவன். வானை வாங்கி வாடகைக்கு ஓடிப் பிழைக்கலாம் என்று வந்திருந்தான். றெனால்ட் சொன்னதை அவன் நம்பவில்லை. நேரே திரேசம்மாவிடம் வந்தான்.

“அக்கா, நீங்கள்தானே கீழ பாத்தனீங்கள். வான் நல்லமோ?”

“ஓம்” என்றார் திரேசம்மா.

இதையெல்லாம் அப்போது நான் அறியவில்லை. நான் கவனித்தது ஒன்றைத்தான். சுபாஸ் கிழமைக்கு ஒருதரம் வானைக் கழுவக் கொண்டுவருவான். ஊரில் உள்ள சைக்கிளின் அடிப்பக்கத்தைக்கூட விடாத திரேசம்மா, அந்த வானை மட்டும் குழிக்கு மேல் ஏற்றுவதில்லை. “கீழ தார் இருக்கு, மேல கழுவினாக் காணும்” என்று நிலத்தில் வைத்தே கழுவி அனுப்பிவிடுவார். காசும் வாங்கமாட்டார். கந்தோரில் முப்பது வருடம் கோப்புப் பார்த்த கண் எனக்கு. மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழாவுக்கு ஒரு கிழமை இருக்கையில், என்ன சங்கதி என்று கேட்டே விட்டேன்.

அவர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தினார். எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அழவில்லை. கைகள் மட்டும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருந்தன.

“ஒவ்வொரு நாளும் அந்த வான் வீதியால போகேக்க எனக்கு நெஞ்சு இடிக்குது அண்ணை. மடுவுக்குப் பதினாலு பேரை ஏத்தப் போறானாம். அவன்ர மனிசியும் கைப்பிள்ளையும் போகினமாம். நான் என்ன செய்ய?”

என் மனைவி மேரி ரோஸும் மகள் டினோஜாவும் அந்தப் பதினாலு பேரில் அடக்கம். என் கார் மன்னாரில் ஒரு கராஜில் றேடியேற்றர் கழற்றிக் கிடந்தது.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பேசாம இருங்கோ திரேசம்மா. றெனால்டைப் பகைச்சுக்கொண்டு இஞ்ச தொழில் செய்யேலாது. இவ்வளவு நாளும் ஓடின வான்தானே. ஒண்டும் நடவாது.”

அவர் தலையாட்டினார். படித்த மனுசன் சொன்னது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். நான் வீட்டுக்குப் போய் மேரி ரோஸிடம், “வானில நெரிசலாக் கிடக்கும், நீங்கள் ரெண்டு பேரும் பஸ்ஸில போங்கோ” என்றேன்.

திருவிழாவுக்குப் போகிற அன்று காலை ஏழு மணி. பஸ் நிற்கிற இடம் திரேசம்மாவின் வாசலுக்கு நேர் எதிரே. மனைவியையும் மகளையும் ஏற்றிவிட நான் போயிருந்தேன். வானை ஒரு கழுவல் கழுவிக்கொண்டு புறப்பட சுபாஸ் வந்திருந்தான். முன்கண்ணாடியில் மாதாவின் படமும் பூமாலையும். போகிற சனம் பைகளோடும் சமையல் சாமான்களோடும் பலகையின் கீழ் நின்றது. சுபாஸின் மனைவி கிருஷாந்தினி ஐந்து மாதக் குழந்தையோடு நின்றாள். முகாமில் இரண்டு பிள்ளைகளை இழந்தவள். அவர்கள் சைவக்காரர். ஆனால் இந்தப் பிள்ளை தங்கினால் மடு மாதாவிடம் கொண்டுவந்து காட்டுவதாக நேர்த்தி வைத்திருந்தாள்.

சுபாஸ் என்னைக் கண்டுவிட்டு வீதியைக் கடந்து வந்தான்.

“சேர், என்ன பஸ்ஸுக்கு நிக்கிறியள்? அக்காவுக்கும் தங்கச்சிக்கும் முன் சீற் வைச்சிருக்கிறன்.”

“வேண்டாம் தம்பி. அவைக்கு வானில தலை சுத்தும்.”

“எங்களுக்கோ?” என்றாள் டினோஜா.

நான் அவளை அதட்டினேன். நிமிர்ந்தபோது வீதிக்கு அந்தப் பக்கம் திரேசம்மா தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவருடைய காலடியில் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

“சுபாஸ், வானைக் குழிக்கு மேல ஏத்து” என்றார்.

“நேரம் போகுது அக்கா.”

“ஏத்தடா!”

அவர் யாரையும் டா போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவன் ஏற்றினான். திரேசம்மா குழிக்குள் இறங்கி, மோட்டாரை முழு வேகத்தில் விட்டு, அடிப்பக்கம் முழுக்க அடித்தார். தார் துண்டு துண்டாகக் கழன்று விழுந்தது. பிறகு இரும்புப் பிரஷ்ஷால் ஒரே ஒரு தரம் தேய்த்தார்.

“இப்ப பிறேக்கை மிதி. நல்லா அமத்தி மிதி.”

சுபாஸ் மிதித்தான். முதல் மிதி பிடித்தது. இரண்டாவது மிதியில் கால் ஒரேயடியாக உள்ளே போய்விட்டது. குழிக்குள் எண்ணெய் சொட்டுகிற சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டது.

அவன் இறங்கி வந்து குனிந்து பார்த்தான். துருவைக் கண்டான், கழன்று கிடந்த தாரைக் கண்டான். தார் பூசியது யார் என்று அவனுக்குத் தெரியும்.

“அக்கா, நான் உங்களிட்டைக் கேட்டனான். நீங்கள் ஓம் எண்டனீங்கள்.”

“ஓம். சொன்னனான்.”

“முகாமில ஒண்டா இருந்தனாங்கள் அக்கா!” என்றான் அவன். கிருஷாந்தினி குழந்தையை இறுக்கிக்கொண்டு வானைவிட்டு நாலடி தள்ளிப் போனாள். சனம் ஏசத் தொடங்கியது. ஒருவர் திரேசம்மாவின் வாளியைக் காலால் எத்தினார். “கொலைகாரி” என்று ஒரு கிழவர் கத்தினார். திரேசம்மா குழியைவிட்டு ஏறவில்லை. தலை மட்டும் வெளியே தெரிய, கறுப்புத் தண்ணீருக்குள் நின்றார்.

“வேற ஆருக்குத் தெரியும் இது?” என்று சுபாஸ் கேட்டான்.

இப்போது என் பெயர் வரும் என்று நின்றேன். வரட்டும் என்று நினைத்ததாக எழுத எனக்கு ஆசைதான். ஆனால் வரக்கூடாது என்றுதான் மன்றாடினேன்.

“றெனால்டுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்” என்றார் திரேசம்மா. “வேற ஒருத்தருக்கும் தெரியாது.”

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பஸ் வந்தது. மேரி ரோஸ் கிருஷாந்தினியின் பையை வாங்கி, அவளையும் குழந்தையையும் முதலில் ஏற்றினாள். பிறகு மகளை ஏற்றினாள். தான் ஏறுமுன் மிதிபலகையில் ஒரு காலை வைத்தபடி என்னிடம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப நீங்கள் ஏன் எங்களை பஸ்ஸில போகச் சொன்னனீங்கள்?”

பஸ் போய்விட்டது. நான் வீதியோரத்தில் நின்றேன்.

அடுத்த கிழமை றெனால்டின் ஆட்கள் வந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். திரேசம்மா இப்போது வாளியால் கழுவுகிறார். முன்பு வந்தவர்களில் பாதிப்பேர் வருவதில்லை. சுபாஸ் பிறேக் குழாயை மாற்றி, தரைக்குத் தகரம் ஒட்டி, மூன்று மாதத்துக்குப் பிறகு வானை ஓட்டினான். அந்த வாசலால் போகும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவான். என்னைக் கண்டால் மட்டும் நிறுத்தி, “சேர், ஏறுங்கோ” என்பான். ஊரில் எனக்கு மரியாதை குறையவில்லை.

இரண்டு கிழமைக்கு ஒருதரம் நான் காரைத் திரேசம்மாவிடம்தான் கொண்டுபோகிறேன். குழிக்கு மேல் ஏற்றிவிட்டு ஒதுங்கி நிற்பேன். அவர் அடிப்பக்கம் கழுவி முடித்து, கால்மிதியைத் தூக்கிப் பார்த்து, “நல்லாத்தான் வைச்சிருக்கிறியள் அண்ணை” என்பார். ஒவ்வொரு தரமும் திரும்பி வரும் வழியில் சுபாஸின் வீடு வரும். நான் நிற்பாட்டுவதில்லை.