மறியலில் சுற்றி வந்த கரண்டி

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன்பிறகு கூடுதலாக எழுதியது மரக்குற்றிகளில் சோக்கட்டியால் போட்ட அளவுகள்தான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் படத்தை மட்டும் பார்க்கலாம். படம் என்னிடம் இருக்கிறது.

அந்தப் படம் போன கிழமை வடையோடு வந்தது. நெளுக்குளத்தில் நான் வேலை செய்யும், மரம் அரிந்து விற்கும் மரக்காலைக்கு எதிரே ஒரு தேநீர்க்கடை. அங்கே இரண்டு உழுந்து வடையைப் பளபளப்பான தாளில் சுற்றித் தந்தார்கள். எண்ணெய் ஊறாத நல்ல தாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே நான் இருக்கிறேன். கையில் பெரிய அலுமினியக் கரண்டி. படத்தின் கீழே, "தன் உள்ளக் காயத்தைப் பகிர்ந்துகொள்ளும் கைதி" என்று அச்சடித்திருந்தது. நான் அன்று பகிர்ந்தது பன்றிக்கறியின் கதை. அதனால்தான் இதை எழுத வேண்டி வந்தது.

சண்டை நின்று, பாதை திறந்து, சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. நெடுங்கேணிக் காட்டில் களவாக ஏற்றிய முதிரை மரத்தோடு வவுனியாவுக்குள் வந்து பிடிபட்டேன். உழவு இயந்திரம் முதலாளியுடையது, முதிரை காட்டினுடையது, எங்கள் பேச்சில் மறியல் என்கிற சிறை மட்டும் என்னுடையது. மறியல் மண்டபத்தில் என் பாய்க்கு அடுத்த பாய் ஒரு முஸ்லிம் வியாபாரியுடையது. அனுமதிச் சீட்டு இல்லாமல் மாடு ஏற்றினார் என்று வழக்கு. வயதில் மூத்தவர் என்பதால் நாங்கள் எல்லோரும் அவரை நானா என்று கூப்பிடுவோம். நான் அதிகம் பேசாதவன், அவர் அதிகம் கேட்காதவர். நன்றாக ஒத்துப்போனது.

வழக்கு முடியாதவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பி வலைக்கு அந்தப்பக்கம் உறவுக்காரர் வரிசையாக நிற்பார்கள். வாசலில் பெஞ்சு மாதிரி ஒரு வாங்கு. பார்சல்களைப் பிரித்து அதில் அடுக்கி வைத்து, ஒரு காவலர் நீளக் கரண்டியால் ஒவ்வொன்றையும் கிளறுவார். உள்ளே சவரப் பிளேடோ கஞ்சாவோ இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். கரண்டி ஒன்றுதான். பருப்பு, கருவாட்டுக் குழம்பு, பாயாசம் எல்லாவற்றுக்குள்ளும் அதுவே போய் வரும். இடையில் ஒரு தகரப் பேணித் தண்ணீரில் முக்குவார். அந்தத் தண்ணீரும் காலையில் எடுத்ததுதான். பத்து மணிக்குப் பிறகு அதைக் குடித்தாலே ஒரு நேரச் சாப்பாடு முடிந்துவிடும்.

என் மனைவி நெடுங்கேணியிலிருந்து வரும்போது காட்டுப்பன்றி வறட்டிக்கொண்டு வருவாள். எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் ஒரு நல்ல சாப்பாடு கிடையாது. நானாவின் மனைவி மாட்டிறைச்சிப் புரியாணி கொண்டு வருவார். இரண்டு பார்சலும் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கரண்டி என்னுடையதில் புகுந்து அவருடையதில் எழும்பும்.

நானா அந்தப் புரியாணியை வாங்கி வந்து, பாயில் வைத்து, கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு என் பக்கம் தள்ளிவிடுவார்.

"தின்னுங்கோ தம்பி. எனக்கு வயிறு சரியில்ல."

எல்லா ஞாயிறும் வயிறு சரியில்லாமல் போகுமா என்று நான் கேட்கவில்லை. புரியாணி நல்ல புரியாணி. மூன்றாவது மாதத்தில் எனக்குக் கழுத்துப் பெருத்துவிட்டது. நானாவுக்குக் கன்னம் ஒட்டிவிட்டது. ஒருநாள் அவராகவே சொன்னார்.

"உங்கட பன்றி பட்ட கரண்டி தம்பி. எப்பிடித் தின்னுறது?"

"வாசல்ல சொல்லுங்கோவன், நானா."

"சொன்னா என்ன செய்வாங்கள்? கரண்டியை மாத்த மாட்டாங்கள், பன்றியை நிப்பாட்டுவாங்கள். பிறகு இந்த மண்டபத்தில நான் கண்ணை மூடிப் படுக்கேலுமோ?"

உண்மைதான். அந்த மண்டபத்தில் பாதிப்பேர் காட்டோரத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமைப் பன்றியில் கைவைத்தவனை அவர்கள் திங்கட்கிழமை உயிரோடு விட மாட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் வெள்ளை ஜீப் வந்தது. அந்தக் காலத்தில் சமாதானம் எல்லா இடத்துக்கும் ஜீப்பில்தான் வந்தது. ஒரு வெள்ளைக்காரர், கொழும்பிலிருந்து ஒரு மிஸ், நிறைய வண்ண அட்டைகள், நிறைய பிஸ்கட். கைதிகளும் காவலர்களும் ஒரே வட்டத்தில் இருந்து மனம் விட்டுக் கதைத்தால் மறியல் திருந்தும், கைதியும் திருந்துவான் என்று மிஸ் விளக்கினார். பிஸ்கட்டைப் பார்த்த உடனே பலர் திருந்தத் தயாராகிவிட்டார்கள்.

கதிரைகளை வட்டமாகப் போட்டு எங்களை இருத்தினார்கள். அப்போது ஜெயிலர் உள்ளே வந்தார். மறியலில் ஜெயிலர் வந்தால் எல்லோரும் நிலத்தில் குந்த வேண்டும். அது காலுக்கே பழகிய சட்டம். வட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் கதிரையிலிருந்து வழுகி நிலத்துக்கு வந்தது.

"எழும்பி கதிரையில உக்காருங்க. இங்க எல்லாரும் சமம்," என்றார் மிஸ்.

ஜெயிலர் எங்களைப் பார்த்தார். நாங்கள் ஜெயிலரைப் பார்த்தோம். மிஸ் சொன்னதையும் தட்ட முடியாது, பழைய சட்டத்தையும் மீற முடியாது. ஆகவே கதிரைக்கு மேலே ஏறிக் குந்தினோம். வெள்ளைக்காரர் அதைப் படம் எடுத்தார். எங்கள் பண்பாடு என்று நினைத்திருப்பார்.

கதைக்கிறவர் கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும், அது இல்லாதவர் வாய் திறக்கக்கூடாது என்பது அவர்களுடைய முறை. அதற்கென்று அழகான தடி ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். மறியலுக்குள் தடி விட முடியாது என்று ஜெயிலர் மறுத்துவிட்டார். வேறு ஏதாவது எடுத்துவா என்று வாசல் காவலரை அனுப்பினார். காவலர் கையில் அகப்பட்டதை எடுத்துவந்தார். அது வாசல் கரண்டி.

அன்றிலிருந்து புதன்கிழமைகளில் கரண்டி வட்டமாகச் சுற்றியது.

"உங்க மனசுல ஆறாத காயம் எது?" என்று மிஸ் கேட்டார்.

சைக்கிள் களவெடுத்து வந்த ஒருவர் கரண்டியைப் பிடித்தபடி, போட்டிருந்த சேட்டைத் தூக்கி முதுகைக் காட்டினார். "மூட்டைப்பூச்சி மிஸ். இது இண்டைக்குக் கடிச்சது, மேல இருக்கிறது நேற்றையான்."

மிஸ் ஒரு பச்சை அட்டையில் "நம்பிக்கை மலர்கிறது" என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். மூட்டைப்பூச்சி அந்த அட்டைக்குப் பின்னாலும் குடியேறியது.

கரண்டி நானாவிடம் வந்தபோது அவர் இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார். மிஸ் கெஞ்சினார். அவர் தலையை ஆட்டினார். கரண்டி இல்லாமல் கதைக்கக்கூடாது, கரண்டியை அவர் தொடமாட்டார். மண்டபத்தில் சொல்ல வேண்டிய விஷயம் உள்ள ஒரே ஆளின் வாயை அவர்களுடைய முறையே கட்டிப்போட்டது. மிஸ் சிவப்பு அட்டை எடுத்து "மூடிய மனம்" என்று எழுதினார்.

"அவரை அவசரப்படுத்தக் கூடாது. பெரிய வேதனை இருக்கு," என்று எங்களுக்குச் சொன்னார்.

வேதனை இருந்தது உண்மை. அடுத்த ஞாயிறு நானாவின் மனைவி வலைக்கு அந்தப்பக்கம் நின்று முதலில் அவரைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். அவருடைய பார்வை என் கழுத்தில் நின்றது.

"நான் ஆக்கிறது யாருடைய வயித்துக்குப் போகுதெண்டு இப்ப விளங்குது," என்றார். "என்ர கைச்சோறு உங்களுக்கு வெறுத்துப் போச்சோ?"

"இல்ல, வயிறு..."

"வயிறெண்டு சொல்லாதீங்க. அடுத்த ஞாயிறு நோன்புப் பெருநாள். கொண்டுவாறன். என்ர கண்ணுக்கு முன்னால தின்னுங்க. தின்னாட்டி இனி இந்தப் பக்கம் வரமாட்டன்."

நானா கம்பியை விட்டுவிட்டுத் திரும்பினார். நோன்பு பிடித்துக் காய்ந்த மனுசன். அன்று மாலை அவர் மறியல் சோற்றைப் பிசைந்தபடி, "அவ சொன்னாச் செய்வா தம்பி," என்றார்.

பெருநாளுக்கு முந்தின புதன். வட்டத்தில் ஜெயிலரும் இருந்தார். கரண்டி சுற்றிவந்து என் கைக்கு வந்தது. வழக்கமாக நான் அதை வாங்கின கையோடு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவேன். அடுத்தவர் நானா. அவர் கக்கத்துக்குள் கைகளை ஒளித்துக்கொண்டு என் காலைப் பார்த்தபடி இருந்தார். நான் கரண்டியைப் பிடித்தபடியே இருந்துவிட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. தேநீர் ஆறியது. முறைப்படி நான் வாய் திறக்காமல் வேறு ஒருவரும் திறக்க முடியாது. ஜெயிலர்கூட இருமலை அடக்கிக்கொண்டிருந்தார்.

"இது கரண்டி," என்றேன்.

சைக்கிள்காரர் முறையை மீறினார். "நாங்கள் உலக்கை எண்டெல்லோ நினைச்சனாங்கள்."

"இதாலதான் என்ர பன்றிக்கறியைக் கிளறுறது. அதே கையோட நானாவின்ர மாட்டுப் புரியாணியைக் கிளறுறது. அதால அவர் தின்னுறேல்ல. நான்தான் தின்னுறன். பன்றியை நிப்பாட்ட வேண்டாம். கரண்டியை மாத்தினால் காணும்."

வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் பேசிய ஆக நீளமான பேச்சு அது. இந்த நேரத்தில்தான் வெள்ளைக்காரர் படம் எடுத்தார்.

மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு ஆழமா சொல்றார். ஒரு கரண்டி. எங்க எல்லா சமூகங்களும் கலக்கிற ஒரு கரண்டி." உடனே மஞ்சள் அட்டையில் "கலத்தல்" என்று எழுதினார். கலக்க வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். ஆனால் அதற்குள் கரண்டி என் கையை விட்டுப் போய்விட்டது.

தமிழ் தெரிந்த ஒரு காவலர் ஜெயிலருக்குச் சிங்களத்தில் சொன்னார். பன்றி என்றபோது ஜெயிலர் முகத்தில் ஒன்றும் இல்லை. நானா பட்டினி என்றபோதும் ஒன்றும் இல்லை. மாடு என்றதும் நிமிர்ந்தார்.

"ஹரக் மஸ்?" என்று கேட்டார்.

மாட்டிறைச்சி என்று காவலர் தலையாட்டினார். ஜெயிலர் மெல்லத் திரும்பி வாசல் காவலரைப் பார்த்தார். ஜெயிலரின் வீட்டிலிருந்து மத்தியானச் சாப்பாடு அடுக்குச் சட்டியில் அதே வாசலுக்குத்தான் வரும். அதைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக் கொடுப்பது வாசல் காவலர். எந்தக் கரண்டியால் என்று ஜெயிலர் கேட்கவில்லை. காவலரின் முகத்திலேயே பதில் இருந்தது. மாட்டிறைச்சியை வாயில் வைக்காத மனுசன் ஜெயிலர். எத்தனை ஞாயிறு தின்றிருப்பார் என்று அவர் மனதுக்குள் எண்ணியிருக்க வேண்டும்.

வட்டம் அன்று வழக்கத்தைவிட நேரத்தோடு முடிந்தது.

அடுத்த நாள் காலை வாசல் சுவரில் ஆணி அடித்து மூன்று கரண்டிகள் தொங்கின. பிடிகளில் சிவப்பு, பச்சை, நீலம் பூசியிருந்தது. பன்றிக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று. கழுவத் தனித்தனி வாளி. வருடக் கணக்காக முடியாத வேலை ஓரிரவில் முடிந்தது. மனம் விட்டுக் கதைப்பதால் மறியல் திருந்தும் என்று மிஸ் சொன்னது சரிதான். பெரியவரின் வயிற்றில் படும்படி கதைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெருநாள் அன்று நானாவின் மனைவி புதுச் சீலையோடு வந்தார். காவலர் பச்சைப் பிடிக் கரண்டியை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டி, பிறகு கிளறினார். நானா அந்தப் பார்சலை வலைக்கு முன்னாலேயே நிலத்தில் வைத்துப் பிரித்தார். நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. காவலர் அசையவில்லை. நானா ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார். மனைவி அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உப்புக் காணுமா?"

"கொஞ்சம் கூட."

"கூடவோ? மூணு மாசமாத் தின்னாதவருக்கு உப்புத் தெரியுதாக்கும்," என்று சொல்லிச் சிரித்துவிட்டு, முக்காட்டால் முகத்தைத் துடைத்தார்.

"தம்பிக்கும் வைங்க," என்றும் சொன்னார். நானா எனக்கு ஒரு பிடி வைத்தார். ஒரு பிடிதான். அடுத்த ஞாயிறும் ஒரு பிடிதான். அந்த மாதமே என் கழுத்து பழைய அளவுக்கு வந்துவிட்டது.

மிஸ் போகும்போது அந்தத் தடியை மறியலுக்குப் பரிசாகக் கொடுத்தார். ஜெயிலர் அதைத் தன் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். வட்டம் பிறகு கூடவில்லை. பிஸ்கட்டும் வரவில்லை. இப்போது சமாதானமும் இல்லை, பாதையும் பூட்டு. அந்த ஆணிகளில் கரண்டிகள் இன்னும் தொங்குகின்றனவா என்று அறிய எனக்கு ஆசை. ஆனால் அதற்காகத் திரும்பவும் மறியலுக்குப் போக முடியாது.

தேநீர்க்கடைக்காரரிடம், என் படத்தைப் போட்டு மிஸ்ஸின் ஆட்கள் அச்சடித்த அந்தப் புத்தகத்தின் மிச்சத் தாள்களைக் கேட்டேன். "எல்லாம் வடையோட போச்சுதண்ணே, நல்ல தடிப்பான தாள்," என்றார்.

நெளுக்குளம், 2007 ஆவணி 19, ஞாயிற்றுக்கிழமை.