முகத்தை மூடிய சிப்பாய்

எங்கள் பக்கத்து வீட்டுக் கலிபா அக்கா பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அவள் அப்பா சுயுன்பாய் ஹிட்லர் சண்டைக்குப் போய்விட்டார். திரும்பவில்லை. வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. எங்கள் ஊர் நாரின் கூட்டுப்பண்ணையில் நாற்பது வருஷம் மாடு கறந்த அக்கா, அப்பா முகத்தைப் பார்க்காமல் சாகமாட்டேன் என்று மாஸ்கோ ராணுவ அலுவலகத்துக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தாள்.

நேற்று தபாலில் படம் வந்தது. எங்கள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் பிரித்தோம். சேற்று வயல், யானை போல ஒரு பீரங்கி, அதனடியில் காலித் தட்டுகளோடு ஆறு சிப்பாய்கள். எல்லார் மேலும் அடையாளம் தெரியாதபடி கரி. பின்பக்கம் ஐந்து ரஷ்யப் பெயர்கள், கூடவே சுயுன்பாய். யார் எவர் என்று எழுதவில்லை.

“மீசைக்காரர்தான் அக்கா. மூக்கு அப்படியே உங்களோடது,” என்றார் என் வீட்டுக்காரர்.

“உன் மூக்கும்தான் அப்படி இருக்கு. உன்னை அப்பான்னு கூப்பிடவா?”

அக்காவின் விரல் ஓரத்தில் இருந்தவரிடம் நின்றது. அவர் இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை மூடியிருந்தார். சாப்பிட்டு எழும்போது நாங்கள் கையேந்தி, ஆமென் போல ‘ஓமின்’ சொல்லி முகம் தடவுவோமே, அதேதான்; ரஷ்யர்களுக்கு அந்த வழக்கம் கிடையாது.

“முகம் தெரியலையே அக்கா,” என்றேன், வாயை அடக்காமல்.

“பீரங்கிப் பக்கத்துல உக்காந்தும் ஓமின் சொல்லியிருக்காரு, பாருடி!” அக்கா படத்தை மேசையில் நிமிர்த்தி வைத்தாள். “இத்தனை வருஷமா பாதியிலயே நிக்குது அந்தக் கை. வாங்க, சேர்ந்து முடிப்போம்.”

மூவரும் கையேந்தினோம். ‘ஓமின்’ சொல்லி முகம் தடவினோம்.