சுண்ணாம்பு வைத்த பாறைகள்

பாம்பைப் பிடிக்கிறவனுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. பாம்பைத் தேடிக் கண்டுபிடித்து, பார்த்துவிட்டு, தொடாமல் திரும்பி வருகிறவனுக்குப் பைத்தியம் என்று பெயர்.

எண்பதுகளில் அந்தப் பைத்தியம் நான்தான். காட்டிலாகாவில் கார்டு வேலை, வீடு திண்டிவனத்தில். செஞ்சி போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளைத் தாண்டி நடந்தால் ஒரு மலை வரும். அதன் ஓடை ஓரத்துப் புதர்களில் மூங்கில் விரியன் இருந்தது. இலைப் பச்சை, முக்கோணத் தலை. கடித்தால் கை வீங்கி வலி உயிரை வாங்கும், ஆள் சாவது அபூர்வம். அந்தப் பக்கத்தில் அந்த ஒரு மலையை விட்டால் அது வேறெங்கும் இல்லை. எத்தனை இருக்கிறது என்று பார், இருப்பது சாகாமல் பார்த்துக்கொள் என்று எனக்கு உத்தரவு. ஒழுங்காகச் செய்தால் ஒன்றுமே நடக்காத வேலை. ரயில்வே கேட்காரர்களே, வாட்ச்மேன்களே, உங்களுக்கு இந்த வலி புரியும்.

பத்தொன்பது நாள்

துணைக்கு ஒரு ஆளைத் தினக்கூலிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மலையடிவாரத்தில், பாம்பு பிடிப்பதற்குப் பேர்போன இருளர்களின் குடியிருப்பிலிருந்து கன்னியம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். வாயைத் திறந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை, அதற்கு மேல் கிடையாது. இருவரும் பத்தொன்பது நாள் ஓடை ஓரமெல்லாம் அலைந்தோம். ஒரு வால்கூடக் கண்ணில் படவில்லை. மலையில் பாம்பே இல்லை, எவனோ கதை கட்டியிருக்கிறான் என்று நான் புலம்ப ஆரம்பித்துவிட்டேன்.

இருபதாம் நாள் மூச்சு வாங்கி ஒரு புதரில் கை ஊன்றி நின்றேன். "சார், கைய எடுக்காத, அப்படியே நில்லு" என்றார். என் விரலுக்கு ஒரு சாண் தள்ளி, இலைக்குள் இலையாகச் சுருண்டிருந்தது. அது என்னை ஒன்றும் செய்யவில்லை. நான்தான் வியர்த்து ஊற்றிப் பின்னால் வந்து பாறையில் உட்கார்ந்தேன். கன்னியம்மா சிரித்தார்.

"பத்தொம்பது நாளா நாம அத்தத் தேடிக்கினு இருந்தோம், அது நம்மளப் பாத்துக்கினு இருந்துக்குது சார்."

ஆபீஸில்

மாசம் பிறந்தால் மேல் ஆபீசுக்கு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். படிவத்தில் 'பிடிபட்டவை' என்று ஒரு கட்டம் உண்டு. நான் அதில் 'இல்லை' என்று எழுதி, ஓரத்தில் 'பார்த்தது மூன்று' என்று சேர்த்தேன். கிளார்க் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார். பிடிக்கவில்லை, அடிக்கவில்லை, தோலும் இல்லை, பார்த்ததற்கு என்ன அத்தாட்சி என்றார். கன்னியம்மா பார்த்தார் என்றேன். ஆபீசே சிரித்தது. கிளார்க் சாவகாசமாக முத்திரை குத்திவிட்டுச் சொன்னார்:

"அடுத்த தடவ அதுங்க கிட்டயே ஒரு கையெழுத்து வாங்கியாந்துடுய்யா, பேஜாரு இல்ல."

பஸ்ஸில்

ஒருநாள் விக்கிரவாண்டியில் ஒரு வேலை. என்னோடு கன்னியம்மாவும் வந்தார். கண்டக்டருக்கு என்னைத் தெரியும். என் பையைக் கண்டுகொள்ளாதவர், கன்னியம்மாவின் துணி மூட்டையைக் கண்டதும் படியை மறித்து நின்றுகொண்டார். "அதுல இன்னா கீது? அவுத்துக் காட்டிட்டு ஏறு." நான் சத்தியம் செய்தும் கேட்கவில்லை. பஸ்ஸே எட்டிப் பார்த்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் அந்தக் கொதிப்போடு கன்னியம்மா பக்கத்தில் நின்றேனே தவிர, உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கன்னியம்மா மூட்டையை அவிழ்த்தார். வேகவைத்த மல்லாட்டை. ஒரு கை அள்ளிக் கண்டக்டரிடம் நீட்டினார்.

"துண்ணுங்க சார், கடிக்காது."

என் புத்திசாலித்தனம்

ஒன்றரை வருடத்தில் பதினோரு பாம்பைக் கண்டுபிடித்துவிட்டோம். மூங்கில் விரியனுக்கு ஒரு பழக்கம்: இடம் பிடித்துவிட்டால் லேசில் நகராது. மாசக்கணக்கில் அதே புதர், அதே கிளை. எங்களுக்கு ஒவ்வொன்றும் முகம் தெரிந்த ஆள் மாதிரி ஆகிவிட்டது. கோடையில் விறகுக்கும் தழைக்கும் ஊர்ஜனம் மலையேறும். யாராவது தெரியாமல் கை வைத்து ஒரு கடி வாங்கினால் போதும், மலை முழுக்கக் கொளுத்திவிடுவார்கள் என்று எனக்குப் பயம்.

எங்கள் இலாகாவில் தொடக் கூடாத மரத்துக்கு வெள்ளை வளையம் போடுவோம். அதையே பாம்புக்கும் செய்தால் என்ன? ஒவ்வொரு புதருக்கும் பக்கத்துப் பாறையில் உள்ளங்கை அகலம் சுண்ணாம்பு வைத்தேன். மழையில் கரையாமல் இருக்க, தச்சர்கள் மரம் ஒட்டுகிற வஜ்ஜிரம் வேறு காய்ச்சிக் கலந்தேன். ஊரில் தண்டோரா போடச் சொல்லி, வெள்ளை இருக்கிற இடத்துக்குப் போகாதீர்கள், அங்கே விரியன் இருக்கிறது என்று நானே நின்று விளக்கினேன். ஜனங்கள் தலையாட்டினார்கள். கோடை முழுக்க ஒரு கடி இல்லை. மேலதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கன்னியம்மா மட்டும் முதல் நாளே சுண்ணாம்பு வாளியைத் தூக்க மாட்டேன் என்று கீழே வைத்துவிட்டார்.

"நம்ம ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா பத்தாதா சார்? ஊருக்கு எதுக்கு?"

கேசவன்

அடிவாரத்தில் கேசவனுக்கு ஒரு காணி நிலம். நல்ல மனுஷன். மலையிறங்கி வரும்போதெல்லாம் மோர் கொடுப்பார். மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த அவர் மனைவியைப் பாம்பு கடித்துவிட்டது. மாட்டு வண்டியில் ரோட்டுக்குக் கொண்டுவந்து, லாரியை நிறுத்தி ஏற்றி, திண்டிவனம் வந்து சேருவதற்குள் உயிர் போய்விட்டது. குக்கர் மாதிரி சீறியது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அது கண்ணாடி விரியன். கொல்லையில், எலி வளையில் இருப்பது. மலைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

அந்தச் சமயம் நான் விழுப்புரத்தில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். மலைப் பாம்புகளைக் காப்பது எப்படி என்று என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள், நானும் பேசினேன். திரும்பி வந்து மலையடிவாரத்துக்கு நடந்து போனால், வேப்பமரத்தடியில் வரிசையாகப் போட்டு வைத்திருந்தார்கள். பதினொன்று. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். ஒன்று வயிறு கிழிந்து, உள்ளே விரல் நீளக் குட்டிகள். மூங்கில் விரியன் முட்டையிடாது, குட்டி போடும். அதை நாலு நாள் முன்புதான் பார்த்து, நோட்டில் 'சினை' என்று எழுதி வைத்திருந்தேன்.

கேசவன் மொட்டையடித்த தலையோடு வந்தார். கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும், உங்கள் மனைவியைக் கடித்தது இது இல்லை என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவர் காதில் அது விழவே இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீங்க மார்க்கு போட்டு வெச்சதாலதான் சார் காலையிலயே எல்லாத்தையும் முடிச்சோம், இல்லன்னா இந்த மலையில நாங்க எங்கன்னு தேடறது?"

தேய்த்த நாள்

மறுவாரம் நானும் கன்னியம்மாவும் தேங்காய் நாரும் கொட்டாங்கச்சியுமாக மலையேறினோம். பாறையில் வைத்த சுண்ணாம்பைச் சுரண்டினோம். வஜ்ஜிரம் கலந்தது லேசில் போகுமா? இரண்டு பாறை முடிப்பதற்குள் என் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. மூன்றாவது பாறையில் உட்கார்ந்து நான் அழுதுவிட்டேன். பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால்கூட அப்படி அழுததில்லை. எல்லாவற்றையும் நானே காட்டிக்கொடுத்து விட்டேன், இனிமேல் இந்த மலையில் ஒன்றுகூட இல்லை என்றேன். கன்னியம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்காமலே, "பன்னெண்டாவது ஒண்ணு கீது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போது பார்த்தாய் என்றேன். நீ வாளியில் சுண்ணாம்பு கரைத்த அன்றைக்கு என்றார். ஆறு மாதமாக என்னோடு தினமும் மலையேறி, தினமும் அதன் பக்கமாக நடந்து, என்னிடம் மூச்சு விடவில்லை. எங்கே, எந்தப் பக்கம், ஒரே ஒரு தடவை தூரத்திலிருந்தாவது காட்டு என்று கெஞ்சினேன். கன்னியம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். கோபமெல்லாம் இல்லை. குழந்தைக்குச் சொல்வது மாதிரித்தான் சொன்னார்.

"நல்லாக்கீது சார். நீ கேக்காத வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்."

அந்த மாச ரிப்போர்ட்டின் ஓரத்தில் 'பார்த்தது ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் சர்வீசில் நான் உருப்படியாகக் காப்பாற்றிய ஒரே பாம்பு, இன்றுவரை நான் பார்க்காத அந்த ஒன்றுதான்.